படகும் விடுதலையும்

‘தன் கையே தனக்கு உதவி’ என்பது நம் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மேடையேறும் பேச்சாளரும், பிள்ளைகளுக்குப் புத்தி புகட்டும் பெற்றோரும் இதனை அடிக்கடி எடுத்தாளுவர். முயற்சியுடையவன் எந்நிலையிலும் உயர்வான் என்று இதற்குப் பொருள் கூறுவர். அதனோடு நில்லாது, உயராதவன் முயற்சியற்றவன் என்று தீர்ப்புக் கூறுவாரும் உளர். முன்னதை நாம் மறுக்கவில்லை. பின்னது நியாயந்தானா? ஒரு மரப்படகின் வரலாற்றை வைத்து இதனை ஆராய்ந்து பார்ப்போம்.

நம் தோட்டங்களில் நிற்கும் ரப்பர் மரத்தின் தாயகம் பிரேஸில் தேசம். அங்கிருந்து 1876-ல் கொண்டுபோகப்பட்ட விதைகள் இங்கிலாந்தில் முளைத்து, அவற்றின் கன்றுகள் 1877-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அந்தப் பிரேஸிலின் தென்பாகத்துக் கடற்கரையிலே பரானகுவா என்னும் விரிகுடா இருக்கின்றது. 1887-ம் ஆண்டு முடியுந் தறுவாயில், அக்விட்நெக் என்னும் பாய்மரக் கப்பல் அவ்விரிகுடாவில் தரைதட்டிச் சிதைந்தது. அதன் தலைவரும் சொந்தக்காரருமாகிய ஜோஷுவா ஸ்லோக்கம் அமெரிக்கர். அவருடன் மனைவி ஹெட்டியும், விக்டர், கார்ஃபீல்ட் என்னும் இரு புதல்வரும் இருந்தனர். சிதைந்த கப்பலை விற்று, மாலுமிகளுக்குச் சேரவேண்டிய சம்பளத்தை அவர் தீர்த்தார். பின்னர் ஊர் திரும்பும் வழியை எண்ணிப் பார்த்தார். பிறர் கப்பலில் பிரயாணியாகச் செல்வதைவிடத் தாமே ஒரு படகு கட்டி அதிலே போவது எனத் துணிந்தார்.

அவரிடமிருந்த கருவிகள் எவை? ஒரு கோடரி, ஒரு வாய்ச்சி, இரண்டு ரம்பங்கள், துளையிடும் கருவிகள் சில. பாய் தைக்கும் பெரிய ஊசிகள் இரண்டு இருந்தன. அவற்றையும் ஆணித்துளை இடும் கருவிகளாக மாற்றிக்கொண்டார். கரையில் ஒதுங்கிய பழைய பாய்ப் பை ஒன்றினுள் ஓர் அரம் அகப்பட்டது. மழுங்கிய கருவிகளைத் தீட்ட உதவும் அந்த அரத்தையே யாவற்றினும் விலைமதிப்புள்ளதாக அவர் போற்றினார்.

மரம் அண்டையிலிருந்த காட்டிலே கிடைத்தது. கல்லைப் போல் கனக்கும் வைர மரத்தை அடிப்பாகத்திற்கும், இலேசான செந்நிறத் தேவதாரு மரத்தைப் பக்கங்களுக்கும் மேற்பாகத்திற்கும் அமைத்தார். கனம் கீழேயும் இலேசு மேலேயும் இருந்தால் அலையில் சாயும் படகு மீண்டும் நிமிரும். ஆணிகளோ ஒரே இடத்தில் கிடைத்தவையல்ல. சில உடைந்த கப்பலினின்று பிடுங்கப்பட்டவை. சில கப்பலின் உலோகத் தகட்டை உருக்கி வார்க்கப்பட்டவை. அவற்றை வார்த்துக் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்கள். செப்பு ஆணிகள் சிலவற்றை அவர்களிடமே செப்புக் காசு கொடுத்து வாங்கினார். அதே காசுகளை வெட்டித் துளையிட்டு, ஆணியின் முனையில் மாட்டி அடிக்கும் வில்லைகளாகவும் பயன்படுத்தினார். பாய்களைத் தைத்தவர் ஹெட்டி அம்மையார். பாய்களின் அமைப்போ நம் கடற்கரைகளிலும் கண்டறிந்த சீனத்துச் சம்பானின் அமைப்பு. உலகத்திலேயே வசதியான படகுப் பாய் அதுவே என்பது ஸ்லோக்கத்தின் கருத்து.

இவ்வாறு 35 அடி நீளமும் ஏழரை அடி அகலமுமுள்ள படகு ஒன்று உருவாயிற்று. 1888-ம் ஆண்டு மே மாதம் 13-ம் நாள் அதனை நீரில் இறக்கினர். பிரேஸிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் அதே நாளில்தான். அதனை முன்னிட்டே படகிற்கு ‘லிபர்டாடே’ என்று பெயரிட்டனர். விடுதலை என்பது அச்சொல்லின் பொருள். ஜூன் மாதத்தில் புறப்பட்ட அக்குடும்பம், ஐயாயிரம் மைலுக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, அக்டோபர் முடிவில் அமெரிக்காவின் தென் கரோலைனாக் கரையை அடைந்தது. கடலில் ஓடிய நாட்கள் 55.

இதனைக் கேட்போர், ‘பார்த்தீர்களா, தன் கையே தனக்கு உதவி!’ என்பர். சற்றுப் பொறுத்துச் சிந்திப்போம். ஸ்லோக்கத்தின் கை தனிக் கையாகவா வேலை செய்தது? ஆணி வார்த்த ஊராரின் கையும், பாய் தைத்த மனைவியின் கையும், மகனின் கையும் அதனோடு சேர்ந்திருந்தன. அன்றியும் அவர் பல்லாண்டு கடலில் பழகியவர். 1870-களில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் கப்பல் கட்டும் வேலையும் செய்தவர். கப்பல் போயிற்றேயன்றி, கற்ற தொழில் அவரை விட்டுப் போகவில்லை. கோடரியும் அவரிடம் எஞ்சியிருந்தது. அவர் கட்டிய படகை ‘இது என்னுடையது’ என்று பறித்துக்கொள்ளும் எஜமானும் எவனுமில்லை.

இந்தக் கடைசிச் செய்தியே முக்கியமானது. பிரேஸிலின் துறைமுகங்களில் அடிமைகளாயிருந்தோருள்ளும் தச்சர் இருந்தனர். படகின் பலகைச் சந்துகளை அடைக்கும் கலப்பத்து வேலைக்காரரும் இருந்தனர். அவர்கள் கைத்திறன் எவர்க்கும் குறைந்ததன்று, முயற்சியும் குறைந்ததன்று. ஆயினும் அவர்கள் செதுக்கிய மரம் அவர்களுடையதாகவில்லை. வாய்ச்சி ஒன்றே, வியர்வையும் ஒன்றே. உழைப்பின் பயன் உழைத்தவனைச் சேரும்போது அது தொழிலாகின்றது, சேராதபோது அடிமைத்தனமாகின்றது.

அந்த மே மாதச் சட்டம் அவர்களுக்கு என்ன கொடுத்தது? அது இரண்டே விதிகளைக் கொண்ட மிகச் சிறிய சட்டம். அன்று முதல் அடிமை முறை இல்லை என்றது. அதற்கு மாறான விதிகள் செல்லா என்றது. அவ்வளவே. நிலம் கொடுக்கவில்லை, கருவி கொடுக்கவில்லை, கடந்த உழைப்பிற்குக் கூலியும் கொடுக்கவில்லை. விடுதலை பெற்றோருக்கு நிலமும் வேண்டும் என்று வாதாடிய ஆந்த்ரே ரெபூசாஸ் என்னும் கறுப்பினப் பொறியியல் அறிஞரின் பேச்சு ஏறவில்லை. ஸ்லோக்கத்தின் படகு நீரில் இறங்கிய அன்று, லட்சக்கணக்கான மக்கள் வெறுங்கையோடு விடுதலையில் இறக்கப்பட்டனர். அவர்கள் பின்னர் உயராமற் போனால், முயற்சியில்லாதவர் என்று பழிப்பது எந்த நீதி?

விலங்கை அகற்றிய அச்சட்டத்தை நாம் இகழவில்லை. விலங்கு அகலாமல் வேறெதுவும் நடவாது. ஆனால் விலங்கை அகற்றுவது பாதி வேலை. கையில் வாய்ச்சியைக் கொடுப்பது மற்றப் பாதி. நம் முன்னோரிற் பலர் ஒப்பந்தக் கூலிகளாக இந்நாட்டிற்கு வந்தனர். அதனை அடிமை முறையோடு ஒன்றாக வைத்துப் பேசுவது சரியன்று. எனினும், 1910-ல் அம்முறை நிறுத்தப்பட்டபோதும் அவர்களுக்கு முறி போயிற்றேயன்றி நிலம் வரவில்லை என்பதை எண்ணினால், பிரேஸில் மக்களின் நிலை நமக்கு எளிதில் விளங்கும்.

ஆகவே, நம்மிடையே தாழ்ந்து கிடக்கும் ஒருவனைக் கண்டு ‘இவன் ஏன் முயலவில்லை?’ என்று கேட்க நாவெழும்போது, ‘இவனுக்குத் தொழில் கற்பித்தவர் யார்? கருவி கொடுத்தவர் யார்? இவன் செய்தது இவனுக்குச் சேர்ந்ததா?’ என்று முதலில் கேட்பதே அறமாகும். தொழில் தெரிந்தவர் அதனை அண்டைவீட்டுப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கட்டும். சங்கம் வைத்திருப்போர் விழாச் செலவில் ஒரு பகுதியை ஒரு பெட்டிக் கருவிகளுக்கு ஒதுக்கட்டும். ஓர் அரம் கிடைத்ததைப் பெரும் பேறாகக் கருதினார் கடல் பல கண்ட ஒரு கப்பல் தலைவர். அந்த அரமும் கிடையாதவனிடம் வெறும் பழமொழியைச் சொல்லிவிட்டுப் போவது நமக்கு அழகன்று.