பவளமல்லிகையும் மறக்கருணையும்

சிவபூசைக்கு மலர் வேண்டித் திருநந்தவனம் அமைத்தல் சரியைத் தொண்டுகளுள் ஒன்றென்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. திருப்புகலூரில் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகை மலரும் கொய்து வழிபட்ட வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்தோதியருளினார். அங்ஙனமாகவும், நந்தவனப் பணியில் நிற்பார்க்கு ஓர் ஐயம் நிகழ்தல் உண்டு. மரமும் ஓர் உயிரே. மலரின் பொருட்டு அதன் கிளையைத் தறித்தல் கொடுமையாகாதோ என்பது அவ்வையம். பவளமல்லிகை என்னும் சிறுமரத்தின்கண் வைத்து இதனை ஈண்டு ஆராய்வாம்.

பவளமல்லிகை வீட்டு முற்றத்திலும் அடங்கி வளர்வது. தட்டையான அதன் காயினுள் அறைக்கு ஒன்றாக இரண்டு விதைகள் உள. விதையாலும் போத்தாலும் இதனைப் பெருக்கலாம். வெயில் படும் இடமும், நீர் தேங்காது வடியும் மண்ணும், மட்கிய எருவும் இதற்கு வேண்டுவன. நீர் நிற்பின் வேர் அழுகும். வறண்ட கோடையில் இலையுதிர்ந்து நிற்றலும் உண்டு. அது கண்டு பட்டுப்போயிற்றென்று வெட்டி எறிதல் அறியாமையாம். மாலையில் அரும்பு விரிந்து, இரவெல்லாம் மணம் பரப்பி, விடியலில் வெள்ளிய மலர்கள் செந்நிறக் காம்புடன் தாமே உதிரும். அம்மலர்கள் புதிதாய்க் கிளைத்த இளங்கொம்புகளில் தோன்றுவன. ஆதலின், பூக்காலம் கழிந்தபின் கவாத்துச் செய்யாது விட்ட மரம் கொம்பு நீண்டு, அடி வெறுமையாகி, மலர் குறைந்து நிற்கும்.

மரத்திற்கு உணர்ச்சி ஏது, அறுப்பினும் அறியாது என்பாரும் உளர். அது பொருந்தாது. புல்லும் மரனும் ஓரறிவுயிர் எனத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். ஜகதீச சந்திர போஸ் என்னும் பேரறிஞர் 1901ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அறிஞர் அவைமுன், செடிகளும் தம்மைத் தாக்குவனவற்றிற்கு எதிர்விளைவு காட்டுதலைக் கருவி கொண்டு விளக்கினார். நம் சித்தாந்த நூல்களோ, எண்பத்து நான்கு நூறாயிரம் யோனி பேதத்துள் தாவரத்தையும் வைத்து, ஆன்மா வினைக்கீடாக அவ்வுடம்பினும் புகும் என்று கூறும். ஆகவே, அறியாதென்று சொல்லித் தப்புதல் சைவர்க்கு வழியன்று.

அற்றேல், கவாத்து இறைவனது மறக்கருணையை ஒக்குமாதலின் குற்றமின்று எனின், அவ்விடை ஒருபுடை பொருந்தும், ஒருபுடை பொருந்தாது. மருத்துவன் புண்ணை அறுத்தல் போல, இறைவன் உயிர்களுக்குத் துன்பம் ஊட்டுவதும் அவற்றின் மலப்பிணி தீர்தற்பொருட்டேயாம். பட்ட கொம்பையும் ஒன்றோடொன்று உராயும் கொம்பையும் களைதல் மரத்தின் நலத்திற்காதலின் அதனோடு ஒக்கும். ஆயின், இறைவனுக்கு உயிர்களால் ஆகவேண்டுவது யாதும் இல்லை. நமக்கோ மலர் வேண்டும், முற்றத்தின் அழகும் வேண்டும். தன் விருப்பத்திற்காக வெட்டிவிட்டு, அதனை மறக்கருணை என்று பெயரிடுவான் தன் அவாவை இறைவன்மேல் ஏற்றியவனாவான். மக்களையும் மாணாக்கரையும் ஏவலரையும் சினத்தால் ஒறுத்துவிட்டு, எல்லாம் அவர் நன்மைக்கே என்பாரும் இவ்வினத்தவரே.

அங்ஙனமாயின் செயற்பாலது யாது? பருவம் அறிந்து அறுத்தல், வேண்டிய அளவில் நிற்றல், அறுத்தபின் அகலாது நின்று நீரும் எருவும் இட்டுத் தளிர்க்குங்காறும் ஓம்புதல் என்னும் மூன்றுமாம். இம்மூன்றனுள் இறுதியதே உரைகல். அருளால் அறுத்தவன் பின்னும் காப்பான். அவாவால் அறுத்தவன் மலர் கண்டபின்னரே மீள்வான்.

திருக்களரில் தலமரமாய் விளங்குவதும் இப்பவளமல்லிகையே. நிலத்தில் வீழ்ந்த மலர் ஆகாதென விலக்கும் வழக்கினுள்ளும், இதன் உதிர்மலரைப் பூசைக்குக் கொள்ளுதல் மரபு. அடியில் தூய துணி விரித்து வைத்தல் ஒன்றே நம் செயல். கொம்பை உலுக்குதலும் வேண்டா. நாம் அறுத்தது பருவத்தில் ஒருமுறை. அது தானே தருவது விடியல்தோறும். கைக்கத்தியை எடுக்குமுன் இதனை நினைவார்க்கு, யான் வளர்த்தேன், எனது மலர் என்னும் செருக்கு எழுதற்கு இடமில்லை.

சிவம்.