வென்றோம், தோற்றார்கள்

பந்தை ஒருமுறையேனும் கையால் தொட்டறியாத ஒருவர், "நேற்று இரவு நாம் வென்றோம்" என்று சொல்லலாமா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் ரசிகர்கள் கூடுமிடங்களில் நெடுங்காலமாகத் தீராதிருக்கும் வழக்கு இது. ஒருவர் உற்சாகத்தோடு 'நாம்' என்பார். அருகிலிருப்பவர், "நீங்கள் எந்த இடத்தில் நின்று ஆடினீர்கள்?" என்று இடைமறிப்பார். அத்தோடு பேச்சு ஆட்டத்தை விட்டு இலக்கணத்துக்குத் தாவிவிடும்.

இந்த ரசிகர்களிடையே இலக்கணச் சண்டைக்குப் பஞ்சமில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியின் பெயர் 'கார்டினல்'. அது அந்தப் பெயருள்ள பறவையும் அன்று, நம் திருச்சபையின் கர்தினாலும் அன்று. ஒருவகைச் சிவப்பு நிறத்தின் பெயர். நிறத்தின் பெயர் ஒருமை, ஆட்டக்காரர்களோ பலர். அப்படியாயின் வினைமுற்றை ஒருமையில் முடிப்பதா, பன்மையில் முடிப்பதா என்று படித்தவர்களே மல்லுக்கு நிற்பார்கள். இவற்றுள் பல வெறும் பொழுதுபோக்கு. சில அப்படியல்ல. எதிராளியின் வாதத்துக்கு விடை கிடைக்காதபோது அவருடைய எழுத்துப்பிழையைச் சுட்டி வாயடைப்பது எல்லா மொழியிலும் உள்ள பழைய தந்திரம். லகர ளகரம் பிறழப் பேசியவரைப் பார்த்து நாமும் சிரித்திருக்கிறோம். அவர் சொன்னது உண்மையா என்று அன்று நாம் கேட்கவில்லை.

'நாம்' பற்றிய வழக்கு இவற்றினின்று வேறுபட்டது. அதில் அறம் சார்ந்த வினா ஒன்று மறைந்து கிடக்கிறது. தமிழ் பேசுவோருக்கு அது சற்று எளிதாகவே புலப்படும். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் 'நாம்'. அவரை வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. இவ்வாறு உள்ளே சேர்த்துக்கொள்வதற்கு நம் இலக்கண நூல்களில் 'உளப்பாடு' என்ற அழகிய சொல் உண்டு. ஆட்டக்காரர் ரசிகரைப் பார்த்து 'நாங்கள் வென்றோம்' என்றால் வாசல் சாத்தப்பட்டது; 'நாம் வென்றோம்' என்றால் திறக்கப்பட்டது. ஆங்கிலம் பேசும் ரசிகரோ எவரும் திறந்துவிடும் முன்னரே உள்ளே நுழைந்துவிடுகிறார். அவருடைய மொழி அவரைக் காட்டிக்கொடுப்பதில்லை. (செபத்தில் நாம் இறைவனை 'எங்கள்' தந்தை என்றுதான் அழைக்கிறோம், 'நம்' தந்தை என்றல்ல. இக்கட்டுரையை எழுத உட்காரும்வரை அந்த வேறுபாட்டை நாம் கவனித்ததே இல்லை.)

இந்த ஆட்டம் பிறந்த நாளில் இவ்வழக்குக்கு இடமே இருக்கவில்லை. 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பனிக்காலத்தில் அடைபட்டுக் கிடந்த 18 மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் 13 விதிகளை எழுதி, இரண்டு பீச் பழக் கூடைகளை உயரத்தில் பொருத்தினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். வகுப்பு முழுவதும் ஆடியது. வென்றவர் யாராயினும் 'நாங்கள்' என்று சொல்லும் உரிமை அவருக்கு முழுமையாக இருந்தது. பின்னாளில் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த நெய்ஸ்மித், தாம் கண்டுபிடித்த ஆட்டத்திலேயே வென்றதைவிடத் தோற்றதே அதிகம் என்பது ஒரு சுவையான செய்தி.

இன்று ஆடுவோர் பக்கத்துக்கு ஐவர், பார்ப்போர் பல்லாயிரவர். எனினும், 'நீங்கள் ஆடவில்லையே' என்று கேலி செய்பவரோடு நாம் உடன்படவில்லை. ரசிகர் பணம் கட்டிக் கல்லூரியில் படித்தவராய் இருக்கலாம். அவர் மகன் இன்று அங்கே படிக்கலாம். குளிரில் வரிசையில் நின்று அனுமதிச் சீட்டு வாங்கியவர் அவர். எதிரணியினர் ஃப்ரீ த்ரோ எறியும் நேரத்தில் தொண்டை கிழியக் கத்தியவர். வாழ்வில் எதனோடும் சேராமல் தனித்து நிற்பவனைவிட, ஏதோ ஒன்றோடு தன்னை இணைத்துக்கொண்டவன் மேலானவன் என்றே நாம் எண்ணுகிறோம். ரசிகர் 'நாம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வதில் நமக்கு வருத்தமில்லை. எப்போது கீழே வைத்துவிடுகிறார் என்பதே நம் கேள்வி.

1976-ஆம் ஆண்டில் ராபர்ட் சால்டீனி என்னும் உளவியலாளரும் அவருடைய தோழர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அது கூடைப்பந்தைப் பற்றியதன்று. அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியது. எனினும் ரசிக உள்ளம் ஒன்றுதானே. ஏழு பல்கலைக்கழகங்களில், சனிக்கிழமை தங்கள் அணி வென்றிருந்தால், திங்கட்கிழமை கல்லூரியின் பெயரும் சின்னமும் பொறித்த ஆடையை அணிந்து வரும் மாணவர் தொகை கூடியது. தொலைபேசியில் ஆட்டத்தின் முடிவைக் கேட்டபோது, வெற்றியைச் சொன்னவர்கள் 'நாம்' என்பதைக் கூடுதலாக வழங்கினார்கள். தோல்வியைச் சொல்லுகையில் அச்சொல் குறைந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. முடிவைக் கேட்பதற்குமுன் மாணவர்களிடம் சில பொதுக் கேள்விகள் கேட்கப்பட்டன. 'உங்கள் விடைகள் பெரும்பாலும் தவறு' என்று சொல்லப்பட்டவர்களிடமே இந்த வேறுபாடு மிகுதியாகக் காணப்பட்டது. தன்னளவில் சிறுமைப்பட்டவன் பிறர் வெற்றியின் நிழலில் ஒதுங்குகிறான். இதை நகைப்பதற்கு நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நிழலைத் தருபவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் 18, 19 வயதுப் பிள்ளை.

அந்தப் பிள்ளை கல்லூரிக்குள் நுழையும் முன்பே அவனைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. பதினாறு, பதினேழு வயதிலேயே அவனுக்கு நட்சத்திரங்கள் இடப்படுகின்றன. மிகச் சிறந்தவனுக்கு ஐந்து. அவனுடைய உயரம், கைகளை விரித்தால் வரும் அகலம், அவன் தாவும் உயரம் எல்லாம் நடுத்தர வயது மனிதர்களுக்கு மனப்பாடம். "அவன் நமக்குக் கிடைப்பானா?" என்பார்கள். கிடைத்துவிட்டால் 'நம் பையன்'. 1964 முதல் 2024 வரை, இந்தக் கல்லூரிக்குத்தான் வருவேன் என்று உறுதிகூறும் கடிதம் ஒன்றில் அவனும் பெற்றோரும் கையொப்பமிடும் வழக்கம் இருந்தது. கடைசி நேரத்தில் அவன் வேறு கல்லூரியைத் தேர்ந்துகொண்டானானால், "அவன் ஒன்றும் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இல்லை" என்பார்கள். ஒரே இரவில் அந்தப் பிள்ளையின் உயரம் குறைந்துவிடவில்லை.

அடுத்தது பட்டியல் கணக்கு. பல ஆண்டுகளாக ஆடவர் முதல்நிலை அணி ஒன்றுக்கு 13 உதவித்தொகை இடங்கள் இருந்தன. 2025-26 பருவத்திலிருந்து இம்முறை மாறி, அணியில் மொத்தம் 15 பேர் என்ற வரம்பு பல கல்லூரிகளுக்கு வந்துள்ளது. ரசிகர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். இருப்பவர் இத்தனை பேர். படிப்பு முடித்துப் போகிறவர் இத்தனை பேர். வருகிறவர் இத்தனை பேர். கணக்கில் ஒருவர் மிஞ்சுகிறார். "யாராவது ஒருவர் போயாக வேண்டும்" என்பார்கள், நாற்றங்காலில் நெருங்கி முளைத்ததைப் பிடுங்குவதுபோல. அந்த யாராவது ஒருவர், சென்ற ஆண்டு 'நம் பையன்'. முழங்காலில் அடிபட்டவனாக இருக்கலாம். எதிர்பார்த்த அளவுக்கு வளராதவனாக இருக்கலாம். அவனுக்கும் ஓர் அறை உண்டு, நண்பர்கள் உண்டு, பாதி முடித்த படிப்பு உண்டு. பட்டியலை நோக்கும் கண்ணுக்கு இவையெல்லாம் தெரிவதில்லை. நாம் இவ்விடத்தில் சற்றே நின்றோம். கூட்டல் கழித்தல் எவ்வளவு எளிதாக ஒரு மனிதனை மறைத்துவிடுகிறது!

இப்போது காலம் திரும்பியிருக்கிறது. கல்லூரி மாறுகிற ஆட்டக்காரர் முன்பு ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021-இல் முதல் மாற்றத்துக்கு அத்தடை நீங்கியது; 2024-இல் எத்தனைமுறை மாறினாலும் தடையில்லை என்றாயிற்று. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர் தம் பெயரைக்கொண்டு பொருளீட்டலாம். 2025-இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டினால் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி பிறந்தது. "விசுவாசம் போய்விட்டது" என்று ரசிகர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். பெருமூச்சு உண்மையானதே; ஆண்டுதோறும் புதிய முகங்களோடு 'நாம்' என்பது கடினந்தான். ஆயினும் பயிற்சியாளர்கள் கூடுதல் ஊதியத்துக்காக ஒரே நாளில் கல்லூரி மாறியபோது எவரும் அவர்களை ஓராண்டு திண்ணையில் உட்கார வைக்கவில்லை. விசுவாசத்தை அணியில் மிக இளையவரிடம் மட்டும் வசூலிப்பது நீதியாகாது.

இனி ஒரு நிகழ்ச்சி. 1991-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டில் ஐந்து புதுமுகங்கள் சேர்ந்தார்கள். 'ஃபேப் ஃபைவ்' என்று நாடே அவர்களைக் கொண்டாடியது. 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அவர்கள் தேசிய இறுதிப் போட்டியை எட்டினார்கள். 1993 ஏப்ரல் 5 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் வட கரோலினாவோடு ஆட்டம். 73-71 என மிச்சிகன் பின்தங்கியிருந்தது. 11 விநாடிகள் எஞ்சியிருந்தன. பந்து கிறிஸ் வெப்பர் கையில். அவருக்கு வயது 20. இரு எதிராளிகள் மூலையில் நெருக்க, அவர் ஆட்டத்தை இடைநிறுத்தக் கோரிக் கையால் சைகை காட்டினார். மிச்சிகனுக்கோ அத்தகைய இடைநிறுத்தம் ஒன்றும் மிச்சமில்லை. விதிப்படி தண்டனை, ஆட்டம் 77-71 என முடிந்தது. அதுவரை 'நாம் இறுதிப் போட்டிக்கு வந்தோம்' என்ற வாக்கியத்தின் எழுவாய் அந்த நொடியில் மாறிற்று. தோற்றது 'அவர்'.

பின்னர் வேறொன்றும் நேர்ந்தது. அணியின் ஆதரவாளர் ஒருவர் வெப்பர் உள்ளிட்ட நான்கு ஆட்டக்காரர்களுக்கு விதிக்குப் புறம்பாகப் பணம் கொடுத்திருந்தது வெளிவந்தது. 2002-இல் பல்கலைக்கழகம் அந்த இரு ஆண்டுகளின் கொடிகளையும் அரங்கின் கூரையிலிருந்து இறக்கியது. வெற்றிகள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. விதியை மீறியது தவறுதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்று அரங்கு நிறைந்ததும், மேலாடைகள் விற்றதும், அந்த இரவுகளின் ஆரவாரமும் ஏட்டிலிருந்து நீக்கக்கூடியவையா? பெற்றுக்கொண்ட மகிழ்ச்சியை எவரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

திருப்பலியின் தொடக்கத்தில் பாவத்தை அறிக்கையிடும்போது, நூறு பேர் கூடி நின்றாலும் 'நான்' என்றே சொல்கிறோம். குற்றத்துக்கு ஒருமை, அதில் பன்மைக்குள் ஒளிய இடமில்லை. ரசிகர்மொழியோ குற்றத்தைப் படர்க்கைக்குத் தள்ளிவிடுகிறது.

அதே நகரம், அதே அரங்கு, எதிரணியும் அதே வட கரோலினா. பதினொரு ஆண்டுகளுக்கு முன், 1982 மார்ச் 29. ஆடியது இயேசு சபை மரபில் நடக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். முதலாண்டு மாணவரான மைக்கேல் ஜோர்டன் எறிந்த பந்து கூடையில் விழ, வட கரோலினா 63-62 என முந்தியது. இன்னும் சில விநாடிகள் இருந்தன. ஜார்ஜ்டவுனின் ஃபிரெட் பிரவுன், தம் தோழர் என்று எண்ணி எதிரணியின் ஜேம்ஸ் வர்தியின் கையில் பந்தைக் கொடுத்துவிட்டார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அரங்கில் இருந்தனர். வெப்பரைப் போலவே பிரவுனும் இரண்டாம் ஆண்டு மாணவர். ஆட்டம் முடிந்ததும் அவருடைய பயிற்சியாளர் ஜான் தாம்ஸன், நெடிய உருவம் கொண்ட அந்த மனிதர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவரை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பயிற்சியாளர் களத்தின் ஓரத்தில் நிற்பவர். அவருக்குக் கை எட்டும். மேல்வரிசையில் அமர்ந்திருக்கும் ரசிகருக்கு எட்டாது. மறுநாள் அலுவலகத்தில் ஒருவர், "நேற்று என்ன ஆயிற்று?" என்று கேட்கும்போது அவர் வாயில் எந்தச் சொல் வருகிறது என்பது மட்டுமே அவர் வசத்தில் இருக்கிறது. இக்கட்டுரை முழுவதும் நாமும் வாசகரைக் கேளாமலே அவரை 'நாம்' என்பதற்குள் பலமுறை இழுத்திருக்கிறோம். பிழை ஏதேனும் இருப்பின் அது எழுதியவருடையது.

1984-இல் சியாட்டில் நகரில் ஜார்ஜ்டவுன் அணி ஹூஸ்டன் அணியை 84-75 என வென்று பட்டம் பெற்றபோது, பிரவுன் இறுதியாண்டு மாணவர். அன்றும் தாம்ஸன் அவரைத் தழுவிக்கொண்டார்.