அஞ்சலும் அச்சமும்

அஞ்சல் என்னுஞ் சொல் தமிழில் மூன்று பொருள் தந்து நிற்கும். ஊர்விட்டு ஊர் செல்லுங் கடிதப் போக்குவரவு ஒன்று. அஞ்சுதல் என்னுந் தொழிற்பெயர் ஒன்று. அஞ்சாதே என்னும் அபயமொழி மற்றொன்று. முதலாவதன் பிறப்பு வேறாதல் கூடும். எனினும், கடிதமே அச்சப்பொருளாய் மாறிய காலத்தை ஆராய்வார்க்கு இவை மூன்றும் ஒரே ஒலியில் ஒருங்கு நிற்றல் சிந்திக்கத்தக்கதாம்.

கடிதத்திற்கு மக்கள் அஞ்சுதல் புதிதன்று. ஓரங்களிற் கருமை தீட்டிய கருமாதிக் கடிதத்தை நம் இல்லத்தார் வாயிலிலேயே படித்துக் கிழித்தெறிவர். உள்ளே கொண்டு புகார். தந்தி வழங்கிய நாளிலோ, தந்திச் சேவகனைக் கண்டமாத்திரத்தே, உறை பிரிக்குமுன்னரே அழத் தொடங்கிய தாயர் பலர். ஆயினும் அவ்வச்சம் கடிதம் உணர்த்தும் பொருளைப் பற்றியதேயன்றித் தாளைப் பற்றியதன்று. கிழித்தெறிவோரும் அத்தாள் தம்மைக் கொல்லும் என எண்ணினாரல்லர்.

தாளே கொல்லும் என்னும் அச்சம் ஒரு பெருநாட்டைப் பற்றியது 2001-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலாம். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்து ஒரு வாரமே கழிந்திருந்தது. செப்டம்பர் 18, அக்டோபர் 9 என்னும் நாள்முத்திரை பெற்று நியூ ஜெர்சி மாநிலத்து டிரென்டன் வழியே சென்ற சில உறைகளுள், கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் கிருமி, ஆந்த்ராக்ஸ் எனப்படுவது, பொடியாக இடப்பட்டிருந்தது. செய்தி நிலையங்களுக்கும், டாம் டாஷில், பாட்ரிக் லேஹி என்னும் செனட்டர் இருவர்க்கும் அவை விடுக்கப்பட்டன. 22 பேர் நோயுற்றனர். அவருள் ஐவர் மாண்டனர். அரசாங்க ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி ஒருவரே அவற்றை அனுப்பினார் எனப் புலனாய்வுத் துறையினர் 2010-இல் முடிவு கூறினர். அவர் 2008-லேயே இறந்துபட்டமையால் நீதிமன்றம் அதனை ஆராயவில்லை.

ஈண்டு ஆராயத்தக்கது அனுப்பினவரின் கொடுமையன்று, அது வெளிப்படை. அச்சம் வந்துற்றவிடத்து மக்கள் எவரை நினைந்தனர், எவரை மறந்தனர் என்பதே வினா. டாஷிலின் அலுவலகத்தில் உறை பிரிக்கப்பட்டது அக்டோபர் 15-ஆம் நாள். ஆங்கிருந்தார்க்கு உடனே மருந்து வழங்கப்பெற்றது, ஒருவரும் இறந்திலர். அவ்வுறையோ வாஷிங்டன் நகரத்துப் பிரென்ட்வுட் அஞ்சல் நிலையத்தைக் கடந்தே ஆங்குச் சென்றது. நன்கு ஒட்டிய உறையினின்றும் பொடி வெளிப்படாது என அதிகாரிகள் கருதினர். ஆனால் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பொறிகள் அவற்றை அழுத்தி விரைந்து தள்ளுவன. தாளின் நுண்டுளைகளோ அக்கிருமியினும் பெரியன. அந்நிலையம் அக்டோபர் 21 வரை திறந்தேயிருந்தது. அதில் உழைத்த இருவர் அன்றும் மறுநாளுமாக உயிர் நீத்தனர்.

இதனை வஞ்சனை என்றல் பொருந்தாது, அறியாமை என்க. எனினும் அவ்வறியாமை எல்லார்மாட்டும் ஒருபடித்தாய் இருந்ததன்று. கடிதத்தை எண்ணுவார் எழுதினவனையும் பெறுவானையுமே எண்ணுவர். இடைநின்ற கைகள் எத்துணை என எண்ணுவாரில்லை. பெயரறியாத அக்கைகளை நம்பியன்றோ ஒருவன் தன் நெஞ்சத்து மறையையும் தாளில் எழுதி ஒட்டுகின்றான்! நம்பிக்கை செல்லும் வழியெல்லாம் கடமையும் செல்லல் வேண்டும். ஆலவாய் இறைவன் திருமுகங் கொணர்ந்த பாணபத்திரரைச் சேரமான் பெருமாள் எதிர்கொண்டு வணங்கினார் என்பது சைவர் அறிந்ததே. திருமுகத்தை முடிமேற் கொண்டவர் கொணர்ந்தாரைப் புறத்தே நிறுத்தினாரல்லர்.

இனி அவ்வச்சம் தானும் பழித்தற்குரியதோ எனின், முற்றும் அன்று. மாண்ட ஐவருள் கனெக்டிகட் மாநிலத்து மூதாட்டி ஒருவர்; அகவை 94. அவர்க்கு எவரும் நஞ்சு விடுத்திலர். நஞ்சுறையோடு ஒரே பொறியிற் சென்ற வேறொரு மடல் அவர் இல்லம் புகுந்திருத்தல் வேண்டும் என உய்த்துணர்ந்தனர். இங்ஙனமாகவே, நண்பன் கையெழுத்தும் மகள் கையெழுத்தும் அஞ்சத்தக்கனவாயின. அன்புடையார் எழுதியது என்பது காப்பாகவில்லை. எதனோடு உராய்ந்து வந்தது என்பதே வினாவாயிற்று. இன்ன கடிதத்தை ஐயுறுக என்னும் எச்சரிக்கையை அஞ்சல் துறையார் நாட்டின் இல்லந்தோறும் அஞ்சலட்டையிலேயே அனுப்பினர். வேறு வழியும் அவர்க்கில்லை. மாவையும் சர்க்கரையையுங் கண்டு காவலரை அழைத்தோர் பலர். வாஷிங்டன் அலுவலகங்களுக்குச் செல்லுங் கடிதங்கள் மின்துகட்கற்றையால் தூய்மை செய்யப்பட்டு, மஞ்சள் நிறமுற்று, தொட்டால் ஒடியுந் தாளாய்ச் சென்றன.

இத்துணைக்கும் நடுவே தபாற்காரர் தெருத்தோறும் நடந்தனர். கையுறையும் முகமூடியும் பூண்டு, தாம் அஞ்சியதனையே பையிற் சுமந்து, அதனை அஞ்சி நின்றார் கையிற் கொடுத்தனர். அஞ்சல் என்பதன் மூன்று பொருளும் ஓராளிடத்தே கூடியது அவர்பால்தான் போலும். பிரென்ட்வுட் நிலையம் ஈராண்டுக்கு மேல் மூடிக்கிடந்து 2003 டிசம்பரில் மீளத் திறக்கப்பட்டது. மாண்ட ஊழியர் இருவர் பெயரே அதற்கு இடப்பட்டுள்ளது.