நிறுவப்படாத மருந்தும் அளிப்போர் அறமும்

முதுமையில் நினைவு குலைவதை ஈழத்துப் பேச்சு வழக்கு 'அறளை பெயர்தல்' என்று கூறும். அச்சொல்லில் நோய் என்ற கருத்து இல்லை. வயது சென்றால் வருவது என்னும் அமைதியே உண்டு. 1906ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், ஐம்பதுகளிலேயே நினைவிழந்து மாண்ட ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து, அதிற் கண்ட படிவுகளையும் சிக்குண்ட நார்களையும் எடுத்துரைத்தார். அன்று தொடங்கி அந்த அமைதி சிறிது சிறிதாகக் குலைந்து வந்துள்ளது. நோயென்று பெயர் பெற்ற எதற்கும் மருந்து வேண்டுமென மனித மனம் கேட்கும். இலங்கையிலும் இது அயலார் பிரச்சினை அன்று. ராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, அறுபத்தைந்து வயதைக் கடந்தோருள் ஏறக்குறைய 4 வீதத்தினர் இத்தகைய நினைவுக் குலைவுக்கு ஆளாகியிருந்ததையும், அவர்களுட் பெரும்பாலோர்க்கு அல்சைமர் நோயே காரணமென்பதையும் காட்டிற்று.

இந்நோய்க்கு நுண்ணுயிர்கொல்லி மருந்துகளைக் கொடுக்கலாமா என்னும் விவாதம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. அது வைத்தியர்களுக்குள் அடங்கிய விவாதம் போலத் தோன்றினும், அதன் அடியில் ஓர் அறவினா கிடக்கின்றது. பயன் நிறுவப்படாத ஒரு மருந்தை, சம்மதம் கூறும் ஆற்றலை இழந்த ஒருவருக்கு, அவர்மீதுள்ள அன்பின் பெயரால் மற்றொருவர் அளிப்பது தகுமா?

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அமைந்த தேற்றாத்தீவில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். தாயின் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும் மரபுடைய பிரதேசம் அது; ஆதலின் முதுமையுற்ற தாயைப் பேணும் பொறுப்பும் பெரும்பாலும் மகளையே சார்கின்றது. அத்தாய் மகளைப் பார்த்து 'நீ ஆருட பிள்ளை?' என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டாள் என்று கொள்க. பிறநாட்டிலிருந்து மூத்த மகன் தொலைபேசியிற் பேசுகின்றான். மூளையிற் புகுந்த கிருமியாலேயே இந்நோய் வருவதாகவும், சாதாரண மாத்திரைகளால் அதனைத் தடுக்கலாமெனவும் எங்கோ படித்திருக்கின்றான். 'தங்கச்சி, ஒருக்காக் குடுத்துப் பாருகா; குடுத்தா என்ன குறையப் போகுது?' என்கின்றான். இக்கட்டுரை ஆராய விழைவது அந்தக் கடைசிக் கேள்வியையே.

மகனின் நம்பிக்கையைப் பேதைமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மனநோய் விடுதிகளிற் பலர், புத்தி சிதைந்து, உடல் தளர்ந்து இறந்தனர். அவர்களின் மூளையிற் சிபிலிசு நோயின் கிருமி இருப்பதை 1913இல் நொகுச்சி காட்டினார். 1917இல் வாக்னர் யௌரெக் என்பார் அத்தகையோருக்கு மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே வருவித்துச் சிகிச்சை செய்தார்; அதற்கு 1927இல் நோபல் பரிசும் பெற்றார். (ஒரு நோயைத் தீர்க்க இன்னொரு நோயை ஊட்டிய அச்செயல் இன்றைய அறநெறிக் குழு எதனையும் கடந்திராது.) 1940களிற் பெனிசிலின் வந்தபின் அந்நோய் விடுதிகளிலிருந்து மெல்ல மறைந்தது. வயிற்றுப்புண்ணின் கதையும் இவ்வாறானதே. மனக்கவலையும் காரமுமே அதற்குக் காரணமென நெடுங்காலம் கருதப்பட்டது. அவுஸ்திரேலியரான மார்சலும் வொரனும் 1982இல் இரைப்பையில் ஒரு பற்றீரியாவை இனங்கண்டனர். எள்ளி நகையாடப்பட்ட அவர்களை 2005இல் நோபல் பரிசு தேடி வந்தது. ஆகவே, கிருமியே காரணம் என்று கூறுவோரை நோக்கி நகைக்கும் உரிமை வைத்திய உலகுக்கு இல்லை.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு என்பது வேறு. மருந்து பலித்தது என்பது வேறு. 1990களின் தொடக்கத்தில் யப்பானியத் தொழுநோயாளரைப் பற்றிய செய்தியொன்று பரபரப்பூட்டியது. டாப்சோன் முதலிய தொழுநோய் மருந்துகளை நெடுங்காலம் உண்டோரிடையே நினைவுக் குலைவு குறைவாகக் காணப்பட்டதாம். மட்டக்களப்பு வாவியின் நடுவே தொழுநோயாளருக்கென மருத்துவமனை அமைந்த மாந்தீவை அறிந்த எவரும், ஒதுக்கப்பட்டோர் உண்ட மருந்திலிருந்து ஒதுக்கியோருக்கு நன்மை பிறக்கும் அந்த முரணை உணர்வர். ஆயின் பின்னர் அல்சைமர் நோயாளருக்கே டாப்சோனைக் கொடுத்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. கனடாவில் 101 பேருக்கு டொக்சிசைக்கிளினும் ரிபாம்பிசினும் மூன்று மாதம் கொடுத்த ஆய்வு 2004இல் வெளியாயிற்று. மருந்துண்டோரின் அறிவாற்றல் சற்று மெதுவாகவே தேய்ந்ததென அது கூறியதும் நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. அதே மருந்துகளை 406 பேரிடம் ஓராண்டு சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வோ நன்மை எதனையும் காணவில்லை. பிரித்தானியாவில் 544 பேருக்கு ஈராண்டு மினோசைக்கிளின் கொடுத்துச் செய்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது, அதுவும் அவ்வாறே. சிறிய ஆய்வு காட்டிய ஒளி பெரிய ஆய்வில் அணைந்துபோவது இத்துறையில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது.

தேற்றாத்தீவு தேற்றா மரத்தாற் பெயர் பெற்றதென்பர். அம்மரத்தின் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரை ஊற்றினால், சேறு அடியிற் படிந்து நீர் தெளியும். கிருமியை அகற்றினால் நினைவு தெளியும் என்ற எதிர்பார்ப்பும் இத்தகையதே. சேற்றுக்கு மேலே தெளிந்த நீர் எப்போதும் இருக்கின்றதென அது கருதிக்கொள்கின்றது. அல்சைமர் நோயிலோ கலங்குவது மட்டுமன்று, நீரே வற்றுகின்றது. மாண்ட நரம்புக் கலங்கள் மீள்வதில்லை. கிருமிதான் தொடக்கக் காரணம் என்று நாளை நிறுவப்பட்டாலும், இருபது ஆண்டுகளுக்கு முன் மூண்ட தீயை இன்று நீரூற்றி அணைத்தால் வீடு திரும்பக் கிடைத்துவிடாது.

இனி, 'குடுத்தா என்ன குறையப் போகுது?' என்பதற்கு வருதல் தகும். குறையக்கூடியவை உள. வயிற்றோட்டத்திற்கெனத் தாராளமாக விற்கப்பட்ட கிளியோகுவினோல் என்ற கிருமிகொல்லி யப்பானில் ஏறத்தாழப் பதினாயிரம் பேரின் கால்களையும் கண்களையும் பாதித்தது. 1970இல் அங்கு தடை செய்யப்பட்டது. அம்மருந்தே பிற்காலத்தில் அல்சைமர் நோய்க்கும் பரீட்சிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. நல்லறிவுடையோர் தமக்குக் குமட்டுவதையும் தலை சுற்றுவதையும் கூறி மருந்தை மறுப்பர். தேற்றாத்தீவுத் தாய் கூறமாட்டாள். உணவை மறுப்பாள், இரவில் அலறுவாள். அதனையும் நோயின் வளர்ச்சியென்றே வீட்டார் கொள்வர். 'இழப்பதற்கு ஒன்றுமில்லை' என்ற வாதம் உண்மையில் இழப்பவரைக் கேளாமல் வேறொருவர் சொல்லும் வாதமாகும். மகளைத் தெரியாவிட்டாலும், வெந்நீரிற் குளித்தபின் முற்றத்து வெயிலில் இருக்கும் சுகம் அத்தாய்க்கு எஞ்சியிருக்கின்றது. அதனை ஒன்றுமில்லை என்று மதிப்பிடுவதற்குத் தொலைவிலுள்ள மகனுக்கு அதிகாரமில்லை.

குறைவது தாய்க்கு மட்டுமன்று. கனடாவிற் சோதிக்கப்பட்ட அந்த இரு மருந்துகளுள் ரிபாம்பிசின், காசநோயாளரும் தொழுநோயாளரும் உயிர்பிழைக்க நம்பியிருப்பது. டொக்சிசைக்கிளினை, எலிக்காய்ச்சல் அபாயமுள்ள பகுதிகளில் வயலில் இறங்குவோருக்கு இலங்கைச் சுகாதாரத் துறையினர் முற்காப்பாக வழங்குகின்றனர். ஒவ்வொரு வீண் பயன்பாடும் கிருமிகளுக்கு மருந்தை எதிர்க்கும் பயிற்சியை அளிக்கின்றது. 2019ஆம் ஆண்டில் மாத்திரம் பற்றீரியாக்களின் இவ்வெதிர்ப்புத் திறனை நேர்க் காரணமாகக் கொண்டு உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணிக்கப்பட்டுள்ளது. ஒரு மூதாட்டி உண்ணும் மாத்திரைகளா இதற்குக் காரணம் என்று மகன் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் கண்டபடி விழுங்கப்படும் மாத்திரைகளுக்கும், கோழிப்பண்ணைகளிற் கொட்டப்படுவனவற்றுக்கும் முன்னால் அது கடுகளவே. ஆயினும் பொதுக்குளத்து நீரைக் களவாக வயலுக்குத் திருப்புவோன், தான் எடுத்தது ஒரு வாய்க்கால் அளவே என்று கூறித் தப்ப இயலாது. அந்நீரால் அவன் பயிர் விளையப் போவதுமில்லை எனில், அவன் நியாயம் மேலும் மெலிகின்றது.

இவ்விடத்திற் பரிசோதனைக்கும் வீட்டுச் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகின்றது. முறையான ஆய்வில் மருந்துண்டவர் குணம்பெறாது போயினும், அவரது தோல்வி ஏனையோருக்கு அறிவாகின்றது. அங்கே கண்காணிப்பும், விலகும் உரிமையும் உண்டு. மருந்துக்கடையில் வாங்கி வீட்டிற் கொடுக்கப்பட்ட மாத்திரை, பலித்ததா என்பதைக்கூட எவருக்கும் தெரிவிப்பதில்லை. ஆய்வுகள் தொடரவேண்டும், மருந்துச் சிட்டு எழுதப்படலாகாது என்பதே பொருத்தமான நிலையாகத் தோன்றுகின்றது.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. அதனை வீட்டார் அறிந்திருத்தல் அவசியம். மாதக்கணக்கில் மெல்லத் தேய்ந்துவந்த தாய், ஓரிரு நாளில் திடீரெனப் பிதற்றத் தொடங்கினால் அது அல்சைமர் நோயின் போக்கன்று. சிறுநீரிலோ நெஞ்சிலோ தொற்று ஏற்பட்டிருக்கலாம். முதியோரிடம் காய்ச்சல் தோன்றாமலே அது புத்தியைக் கலக்கும். அப்போது களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கு அவளைக் கொண்டுசென்று காட்டுதல் வேண்டும். தொற்று உண்டெனக் கண்டு வைத்தியர் கொடுக்கும் நுண்ணுயிர்கொல்லி அங்கே உரிய மருந்தே. சில நாளிற் கலக்கம் தணிந்து, அவள் முன்னிருந்த நிலைக்கு மீளவும் கூடும். இவ்வாறு மீண்ட எவரேனும் ஒருவரின் செய்தியே, அல்சைமர் நோய் மாத்திரையால் தீர்ந்ததென்ற கதையாகக் கடல்கடந்து மகனின் காதுக்கு எட்டியிருத்தலும் கூடும். அதனை மகள் தமையனுக்கு எடுத்துக் கூறலாம். கூறிவிட்டு, மாத்திரைக்கென அவன் அனுப்பவிருந்த பணத்தில், இரவிலே தாயருகில் விழித்திருக்க ஒரு துணையாளை அமர்த்தித் தரும்படி கேட்கலாம்.