முகத்தைத் திருப்பிக்கொண்டு முஸாஃபஹா செய்யும் பிள்ளை

(ஏற்காடு ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

அல்ஹம்துலில்லாஹ். புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



தொழுகை முடிந்து முஸாஃபஹா செய்கிறோம். ஒரு பையன் கையை நீட்டுகிறான், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறான். வாயில் ஸலாம் வருகிறது, கண் சுவரைப் பார்க்கிறது. "மரியாதை தெரியாத பிள்ளை" என்று சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். ஃபிராஜைல் எக்ஸ் என்ற பிறவிக் குறைபாட்டின் அடையாளங்களில் ஒன்றாக மருத்துவர்கள் இதே கைகுலுக்கலைச் சொல்கிறார்கள். உங்களோடு பழக அவனுக்கு ஆசை. உங்கள் கண்ணைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இங்கிலாந்தில் 1943-இல் மார்ட்டின், பெல் என்ற இரு மருத்துவர்கள் ஒரே குடும்பத்து ஆண்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். காரணமான மரபணு 1991-இல் தெரிந்தது. அந்த மரபணுவில் ஒரு சிறு துண்டு 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்துவிட்டால், மூளைக்குத் தேவையான ஒரு புரதம் உருவாகாமல் போகிறது. மூளையில் பிரேக் போல வேலை செய்ய வேண்டிய புரதம் அது. பிரேக் இல்லாமல் நம் மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு சத்தமும், ஒவ்வொரு புது முகமும் அப்படித்தான் வந்து மோதுகிறது. உலகளவில் ஆண்களில் ஏறத்தாழ 4,000 முதல் 7,000 பேருக்கு ஒருவரிடம் இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பெண்களில் குறைவு. பெண் பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சியில் பாதிப்பு லேசாக இருந்தாலும் பதற்றம் பலமாக இருக்கலாம். நாம் அதைக் கூச்ச சுபாவம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மகனுக்கு இது தாய் வழியாக வருகிறது என்று கேட்டவுடன் மாமியார் வீட்டில் பேச்சு கிளம்பும். அந்தத் தாய்க்கு அது தன் தகப்பனாரிடமிருந்தும் வந்திருக்கலாம். அவர் எந்தக் குறையும் தெரியாமல் வியாபாரம் செய்து, ஹஜ்ஜும் செய்து வந்தவராக இருக்கலாம். சொந்தத்தில் முடித்ததால் வந்தது என்பதும் சரியல்ல; இந்தக் குறைபாட்டுக்கு அது காரணமே இல்லை. படைத்தவன் அல்லாஹ். மருமகளிடம் கணக்குக் கேட்க நாம் யார்?

அடுத்தது ஜின் பேச்சு. பிள்ளை கையைக் கடிக்கிறான், காதைப் பொத்துகிறான், "எப்போ போவோம்?" என்று நாற்பது தடவை கேட்கிறான். உடனே புகை போடுகிறார்கள், அதட்டுகிறார்கள், சில இடங்களில் அடிக்கவும் செய்கிறார்கள். குர்ஆன் ஓதி துஆச் செய்யுங்கள், தடுக்கவில்லை. ஆனால் பயந்து நடுங்கும் பிள்ளையை மேலும் பயமுறுத்துவது மார்க்கம் அல்ல, அது ளுல்ம். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபியவர்கள் ஏவியிருக்கிறார்கள். மரபணுவை மாற்றும் மருந்து இல்லை என்பது உண்மை. பதற்றத்தைக் குறைக்கப் பயிற்சியும், தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மரபணு ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

ஈமான் இருந்தால் பயம் வராது என்று சொல்கிறவர்களுக்கு மூஸா (அலை) அவர்களின் வரலாறு இருக்கிறது. கைத்தடி பாம்பானபோது திரும்பிப் பார்க்காமல் ஓடியவர் ஒரு நபி. ஃபிர்அவ்னிடம் போகச் சொன்னபோது, தம் நெஞ்சு நெருக்கடியாகிறது, நாவு ஓடவில்லை, கொன்றுவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன் என்று ரப்பிடமே முறையிட்டார்கள். ஷுஅரா சூராவில் இருக்கிறது. பதற்றம் உள்ளவர் மருத்துவரிடம் சொல்வதும் இதைத்தானே! அல்லாஹ் கோபிக்கவில்லை. அவர்கள் கேட்டபடியே சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கொடுத்தான்.

நம் பள்ளிகளில் நாம் என்ன கொடுக்கிறோம்? ஒரு தாய் வந்து அழுதார். பெயரோ எஸ்டேட்டோ சொல்ல மாட்டேன். மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வேறோர் ஊர்ப் பள்ளியில் மைக் திடீரென்று கிறீச்சிட, பிள்ளை கத்திவிட்டான். நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். ஒருவர், இவனை ஏன் கூட்டி வருகிறீர்கள் என்று தகப்பனிடம் கேட்டார். அதன்பிறகு அந்தத் தகப்பனும் ஜமாஅத்துக்கு வருவதில்லையாம்.

மஸ்ஜிதுந் நபவியில் ஒரு கிராமவாசி சிறுநீர் கழித்தார். ஸஹாபாக்கள் பாய்ந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள், அவர் முடிக்கும்வரை விடச் சொன்னார்கள், பிறகு ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். விஷயம் அவ்வளவுதான். கத்தியதற்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை!

முத்தவல்லியிடம் பேசியிருக்கிறேன். மைக் சத்தத்தைக் குறைக்கிறோம். கடைசி ஸஃப்பில் வாசலோரம் ஓரிடம் அந்தக் குடும்பங்களுக்கு இருக்கும். தோளோடு தோள் சேர்ப்பது சுன்னத்துதான். ஆனால் தொட்டால் துடிக்கும் பிள்ளைக்கு ஒரு சாண் விட்டு நிற்பதால் உங்கள் தொழுகை வீணாகிவிடாது. அத்தர் பூசி வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், கன்னத்தைக் கிள்ளாதீர்கள். என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் இப்பிள்ளைகளின் பதற்றம் குறையும். அதனால் பெற்றோர்களே, முதலில் ஒளு, பிறகு தொழுகை, பிறகு வீடு என்று மூன்று படம் வரைந்து காட்டிக் கூட்டி வாருங்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டம் ஏறும் வாரங்களில் ஜும்ஆவுக்கு வராமல் அவனோடு வீட்டில் இருக்க வேண்டிய தகப்பனார் என்னிடம் தனியாகக் கேளுங்கள். உங்கள் நிலைக்குரிய சட்டத்தைச் சொல்கிறேன்.

நாளை அஸருக்குப் பிறகு மஃரிப் வரை பள்ளி காலியாக இருக்கும். மைக் ஓடாது, நானும் என் அறையில்தான் இருப்பேன். அழைத்து வாருங்கள். செருப்பு வைக்கும் இடத்தையும், ஒளுச் செய்யும் குழாயையும், மிம்பரையும் அவன் பார்த்துக்கொள்ளட்டும். ஓடினாலும் பரவாயில்லை.

அல்லாஹ் அவர்களுக்கு லேசாக்கித் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.