தராசும் எடைக்கல்லும்

 

சென்ற மாதம் ஒரு நாள் பாசிர் ரிஸ்ஸில் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கல்லூரியில் வாசிக்கும் என் மகள் கைபேசியை நீட்டி, "வாப்பா, இந்த யந்திரம் என் முகத்துக்கு நூற்றுக்கு 61 மார்க்குதான் கொடுக்கிறது. மூக்கை ரண சிகிச்சை செய்து திருத்தினால் எடுப்பாயிருக்குமாம்" என்றாள். அந்த மூக்கு என் தாயாரின் மூக்கு. அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

அழகு சிகிச்சைக்கு ஏற்றவர் யார் என்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தெரிவு செய்வது தகுமா? யந்திரத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. நீரிழிவுக்காரருக்கும் புகை பிடிப்பவருக்கும் புண் ஆறத் தாமதமாகும். அத்தகைய அபாயத்தை வைத்தியருக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லுமானால் அது நன்மையே. வைத்தியத்தில் இதைப் பயன்படுத்த நமது சுகாதார அமைச்சும் 2021-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

ஆனால், அழகை அளப்பது வேறு விஷயம். 2016-ல் யந்திரத்தையே நடுவராக வைத்து ஓர் உலக அழகுப் போட்டி நடந்தது. 100 நாடுகளுக்கு மேலிருந்து சுமார் 6,000 பேர் படம் அனுப்பினார்கள். வென்ற 44 பேரில் கறுத்த நிறத்தவர் ஒரே ஒருவர்! யந்திரம் பார்த்துப் பழகிய படங்களில் மற்ற நிறத்தவர் போதிய அளவு இல்லாததே முக்கிய காரணம். தராசு நேராகத்தான் நின்றது, எடைக்கல்தான் சரியில்லை.

யுத்தத்தில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்தார்கள். அது துர்நாற்றமெடுக்கவே, பொன் மூக்கு வைத்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கு. ஆயினும் அவருடைய அவதிக்கு வழி பிறந்தது. அங்கே பார்க்கப்பட்டது மார்க்கு அல்ல, மனிதனின் தேவை.

இல்லாத குறையை எண்ணி ஏங்குபவருக்கு எத்தனை முறை கத்தி பட்டாலும் மனம் நிறையாது. கூலியை இழந்தாலும் அவரைத் திருப்பியனுப்புவதே நல்ல வைத்தியருக்கு அழகு. நாமும் கடையில், "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிச் சில வேளை லாபத்தை விடுகிறோமே! அந்தச் சொல்லை மனிதன்தான் சொல்ல வேண்டும். ஏனெனில், நாளை கேள்வி கணக்கு அவனுக்குத்தான், யந்திரத்துக்கு இல்லை.

மகளிடம் அவளுடைய வாப்பும்மாவின் பழைய படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "யோசிக்கிறேன் வாப்பா" என்றாள். யோசிக்கட்டும். யந்திரம் செய்யாத வேலை அதுதான்.