எத்தனை குதிரை வேண்டும்?

உங்களிடம் ஒரு பழைய அம்பாஸடர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். சக்தி சுமார் 50 குதிரை. மேடு ஏறச் சொன்னால் ‘முடியலைப்பா’ என்று முனகும். அதை முறுக்கேற்றிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. தப்பில்லை.

இதே பி.எம்.சி. ‘பி சீரிஸ்’ எஞ்சின், இதே 1489 சி.சி., 1955-ல் இங்கிலாந்தில் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. அங்கே முதலில் 68 குதிரை, சீக்கிரமே 72. கூடப்பிறந்தவர்கள்தான். ஒருத்தர் குடும்பஸ்தர், இன்னொருத்தர் மைனர்! ரகசியம் பெரும்பாலும் மூச்சில் இருக்கிறது. இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன். எஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு காற்று பம்ப். நன்றாக மூச்சு விட்டால் நன்றாக உழைக்கும்.

அப்படியானால் நம்ம வண்டியையும் அப்படியே மாற்றிவிடலாமே?

நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். “எதுக்கு சார்? எங்கே ஓட்டப் போறீங்க?” என்று கேட்பார். ‘வேகமா போகணும்’ என்பது இதற்குப் பதில் ஆகாது. ஏனென்றால் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. வால்வுகளை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்ட் போட்டால், எஞ்சின் உச்ச சுழற்சியில் பாயும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது குலுங்கும், மெதுவாக உருட்டினால் திணறும். கம்ப்ரஷனை அளவுக்கு மீறி ஏற்றினால், சாதாரண பெட்ரோலில் ‘நாக்’ அடித்து பிஸ்டனையே தின்றுவிடும்.

பிரேக் இன்னொரு கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது கரைக்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. பழைய டிரம் பிரேக் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. சட்டமும் உண்டு. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற, 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு விடாது. ஆர்.டி.ஓ. தொல்லை என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். பால் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கும் பெரியவர், உங்கள் கூடுதல் குதிரைகளுக்குச் சம்மதம் தரவில்லையே!

இப்போது காரை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குள் வாருங்கள்.

‘பையன் பெரிய ஆளா வரணும்’ என்கிறோம். எதற்கு, எங்கே ஓட என்று கேட்பதில்லை. காலை நாலரைக்கு ஒரு டியூஷன், ராத்திரி ஒரு கோச்சிங். ஒரே ஒரு பரீட்சையின் உச்ச சுழற்சிக்காக அவனை ட்யூன் செய்கிறோம். அங்கே பாயலாம். ஆனால் பரீட்சை சில மணி நேரம்தான். வாழ்க்கையில் பெரும்பகுதி சிக்னலில் நிற்பதும் மெதுவாக உருட்டுவதுமாகத்தானே போகிறது? பாட்டியிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச முடியாமல் அவன் குலுங்கினால், அது அவன் குற்றமா? தோற்றால் எப்படித் தாங்குவது என்ற பிரேக்கை நாம் பொருத்தினோமா?

ஆசையே வேண்டாம் என்று உபதேசம் செய்ய வரவில்லை. 72 குதிரையும் அழகுதான். எம்.ஜி.ஏ.வில் அந்த எஞ்சின் சந்தோஷமாகவே ஓடியது. அதற்கேற்ற இலகுவான உடம்பும் அதை விரும்பி ஓட்டுகிறவரும் அங்கே இருந்தார்கள்.

அதனால் எதையும் கழற்றும் முன் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் செய்துவிடுங்கள். ரிங் தேய்ந்து, வால்வு சரியாக மூடாமல், இருக்கிற ஐம்பதிலேயே பாதி எங்கோ கசிந்துகொண்டிருக்கலாம். தூக்கம், விளையாட்டு, வீட்டில் நாலு வார்த்தை. பையனிடமும் முதலில் அதைப் பாருங்கள். புதுக் குதிரைகளைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.